ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியா, ஆர்எக்ஸ் 6600-ஆ? பழைய கேபினட்டை வைத்துக்கொண்டு ஒரு ஒப்பீடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருபதாயிரம் ரூபாயைச் சுற்றிய பட்ஜெட்டில் கிராபிக்ஸ் கார்டு கேட்டுப் போகிறவரிடம் கடைக்காரர்கள் எடுத்துச் சொல்லும் பெயர்களில் இரண்டு தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி; மற்றொன்று ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600. கேட்டுப் போகிறவர்களிலும் இரண்டு வகையினரையே நான் அதிகம் பார்க்கிறேன். பர்கூரிலோ ஓசூரிலோ பொறியியல் படித்துக்கொண்டு, மாலையில் வாலரண்டும் ஜிடிஏ 5-உம் ஆட விரும்பும் மாணவர் ஒரு வகை. முகூர்த்த நாள்களில் திருமண வீடியோ எடுத்து, மற்ற நாள்களில் அதை எடிட் செய்து கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் இன்னொரு வகை. இருவரும் கார்டின் பெட்டி மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் இரண்டு கார்டுகளின் விவரப் பட்டியல்களையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தால், முடிவைத் தீர்மானிக்கும் எண்கள் பட்டியலின் அடிப்பகுதியில், யாரும் கவனிக்காத இடத்தில் இருப்பது தெரியும். கார்டு எத்தனை வாட் மின்சாரம் கேட்கிறது, எத்தனை லேன்களில் (தரவுப் பாதைகளில்) மதர்போர்டுடன் பேசுகிறது, அதன் நினைவகத்தின் பஸ் (நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே தரவு செல்லும் வழி) எவ்வளவு அகலமானது என்பவையே அந்த எண்கள்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் டெஸ்க்டாப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகள் உள்ளன. 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி நினைவகம் கொண்டது. அதில் 2560 கூடா கோர்கள் (கணக்குகளைச் செய்யும் சிறு அலகுகள்), 128 பிட் பஸ், 130 வாட் மின்சாரத் தேவை. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் கோர்கள் 2304 ஆகவும், பஸ் 96 பிட்டாகவும், மின்சாரத் தேவை 70 வாட்டாகவும் குறைந்தன. பெயரின் முடிவில் இருக்கும் ஜிபி எண்ணைத் தவிர இரண்டையும் பிரித்தறிய வாங்குபவருக்கு வேறு அடையாளம் இல்லை. நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைந்த அதே கார்டு என்று நினைத்து வாங்குபவருக்கு, கோர்களும் வேகமும் பஸ்ஸும் சேர்ந்து குறைந்திருப்பது தெரியாமலேயே போகிறது. என்விடியா இதற்கு வேறு எண் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து; வாங்குபவரைக் குழப்பும் பெயரிடல் இது. மதிப்பீட்டுச் சீட்டில் 3050 என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் கடையில், எத்தனை ஜிபி என்பதையும் மாடலின் முழுப் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஆர்எக்ஸ் 6600-இல் இந்தக் குழப்பம் இல்லை. 2021 அக்டோபரில் வெளிவந்த நாள் முதல் அது 8 ஜிபி நினைவகத்துடன் ஒரே வடிவில்தான் இருக்கிறது. அதன் அண்ணனான 6600 எக்ஸ்டி தனிக் கார்டு, தனி விலை.

அடுத்தது கோர் எண்ணிக்கை. 3050 6 ஜிபியில் 2304 கோர்கள், 6600-இல் 1792 ஸ்ட்ரீம் பிராசஸர்கள் (கோர்களுக்கு ஏஎம்டி வைத்த பெயர்) என்று பட்டியல் சொல்கிறது. 512 கோர்கள் கூடுதலாக இருக்கும் கார்டுதானே வேகமானது என்று ஒருவர் நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு நிறுவனங்களும் கோர் என்று எதை எண்ணுகின்றன என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. என்விடியாவின் ஆம்பியர் வடிவமைப்பில் 128 கோர்கள் சேர்ந்து ஒரு தொகுதி. அதில் பாதி கோர்கள் தசமக் கணக்குகளை மட்டும் செய்கின்றன; மறுபாதி கோர்கள் தசமக் கணக்கையோ முழு எண் கணக்கையோ, ஒரு நேரத்தில் ஏதேனும் ஒன்றைத்தான் செய்ய முடியும். விளையாட்டுகளில் முழு எண் கணக்குகளும் கணிசமாக இருப்பதால், அந்த 2304 கோர்களும் எல்லா நேரத்திலும் தசமக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. அதற்கு மேல் வேகமும் இருக்கிறது. 3050 6 ஜிபியின் பூஸ்ட் வேகம் (சுமையின்போது எட்டும் வேகம்) 1470 மெகாஹெர்ட்ஸ். 6600-இன் பூஸ்ட் வேகம் 2491 மெகாஹெர்ட்ஸ். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, வேகத்தாலும் பெருக்கினால் காகிதக் கணக்கில் முந்தையது ஏறத்தாழ 6.8 டெராஃபிளாப்ஸ் (விநாடிக்கு இத்தனை லட்சம் கோடி தசமக் கணக்குகள்), பிந்தையது ஏறத்தாழ 8.9 டெராஃபிளாப்ஸ். குறைந்த கோர்கள் கொண்ட கார்டே இங்கு முன்னால் நிற்கிறது. திரையில் பிக்சல்களை எழுதி முடிக்கும் ராப் அலகுகளும் 3050 6 ஜிபியில் 32, 6600-இல் 64. நடைமுறையில் 1080 பி திரையில் பெரும்பாலான விளையாட்டுகளில் 6600 விநாடிக்கு ஒன்றரை மடங்கை ஒட்டிய ஃப்ரேம்களை (வரைந்து காட்டும் படங்களை) தருகிறது. ஆகவே வேறுவேறு நிறுவனங்களின் கார்டுகளுக்கிடையே கோர் எண்ணிக்கையை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறைக்குள் வேண்டுமானால் அதை ஒப்பிடலாம்.

நினைவகம் குறித்த வரிகளில் 6 ஜிபி, 8 ஜிபி என்பவை எல்லோர் கண்ணிலும் படுபவை. அவற்றுக்குக் கீழே இருக்கும் பஸ் அகலத்தைக் கவனிப்பவர் குறைவு. இரண்டு கார்டுகளிலும் ஜிடிடிஆர்6 நினைவகம்தான். இரண்டிலும் அதன் வேகம் விநாடிக்கு 14 ஜிகாபிட்தான். ஒன்றில் பஸ் 96 பிட் அகலம், மற்றொன்றில் 128 பிட் அகலம். அகலத்தை எட்டால் வகுத்து வேகத்தால் பெருக்கினால் விநாடிக்கு 168 ஜிகாபைட், 224 ஜிகாபைட் என்ற விடைகள் கிடைக்கும். இதற்கும் மேலாக 6600-இன் சில்லுக்குள்ளேயே 32 எம்பி அளவில் இன்ஃபினிட்டி கேஷ் என்ற சிறு சேமிப்பிடம் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு அதிலேயே கிடைத்துவிடுவதால், நினைவகத்துக்குச் சென்றுவரும் தேவை குறைகிறது. அது 1080 பி அளவில் நன்றாகவும், 1440 பி அளவில் அதைவிடக் குறைவாகவும் பயன்தருகிறது. 6600-ஐ 1080 பி கார்டு என்று ஏஎம்டி விற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்தால்தான் லேன்களின் முக்கியத்துவம் விளங்கும். நிரம்பி வழியும் தரவை கார்டு கணினியின் ரேமில் வைத்து, கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக எடுத்துவர வேண்டியிருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட் 16 லேன் நீளமாக இருந்தாலும், இந்த இரண்டு கார்டுகளும் அதில் 8 லேன்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 கொண்ட போர்டில் 8 லேன்களுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட் கிடைக்கும். 3.0 போர்டில் அது 8 ஆகவும், 2.0 போர்டில் 4 ஆகவும் குறைகிறது. கார்டின் சொந்த நினைவகம் தரும் 168 அல்லது 224 உடன் இந்த 4-ஐ ஒப்பிட்டால், நிரம்பி வழியும் நேரத்தில் விளையாட்டு ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்பது புரியும். 6 ஜிபி கார்டு இந்த நிலையை முன்னதாகவே அடைகிறது. டெக்ஸ்சர் (பொருள்களின் பரப்பில் போர்த்தும் படம்) தரத்தை ஒரு படி குறைத்துவைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ 5 போன்றவற்றை மட்டும் ஆடுகிறவருக்கு இந்தச் சிக்கல் வருவதே அரிது.

பழைய போர்டுகள் நம் பகுதியில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பதை வைத்துத்தான் இந்த லேன் கணக்கை இவ்வளவு நீட்டினேன். பெங்களூரில் நிறுவனங்கள் கழித்துக்கட்டும் டெல், எச்பி ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அங்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்பி ரோடு வழியாகவும் ஓசூர் வழியாகவும் இங்கே வந்துசேருகின்றன. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி என்று மிகக் குறைந்த விலையில் கிடைப்பதால், மாணவர்கள் பலருடைய முதல் டெஸ்க்டாப் அதுவாகவே இருக்கிறது. அந்தத் தலைமுறையில் எச்81 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட போர்டுகள் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 மட்டுமே தருகின்றன. கியூ87 போர்டுகள் 3.0 தருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோலவே தெரியும். கார்டு வாங்குமுன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மதர்போர்டு பகுதியில் சிப்செட் பெயரைப் பார்த்துவிடுவது அவசியம்.

எல்லா வரிகளிலும் நான் முதன்மையாகக் கருதுவது மின்சாரம். 3050 6 ஜிபியின் தேவை 70 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாக 75 வாட் வரை தரலாம் என்பது தரநிலை. ஆகவே இந்தக் கார்டின் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே தேவையில்லை. ஸ்லாட்டில் செருகி, திருகு போட்டு, டிரைவர் நிறுவினால் வேலை முடிந்தது. 6600-இன் தேவை 132 வாட். ஸ்லாட் தருவது போதாது என்பதால், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கேபிள் ஒன்று வர வேண்டும். என்விடியா தன் கார்டுக்கு 300 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது; ஏஎம்டி 450 வாட் வேண்டும் என்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் எஸ்எம்பிஎஸ்கள் பெரும்பாலும் 300 வாட்டுக்குள் இருப்பவை, அவற்றில் 8 பின் கிராபிக்ஸ் கேபிள் இருக்கவே இருக்காது. சரி, எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாம் என்றால், இந்தப் பெட்டிகள் பலவற்றின் போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பு கிடையாது. நிறுவனத்துக்கே உரிய 8 பின் அல்லது 6 பின் இணைப்புதான் உண்டு. மாற்றுக் கேபிள் தேட வேண்டும், சிறிய கேபினட்டாக இருந்தால் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதற்குள் உட்காரவும் செய்யாது.

இந்த இடத்தில் சில கடைகளில் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுக்கிறார்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா மின் இணைப்பிலிருந்து 8 பின்னாக மாற்றும் ஒரு சிறு கேபிளைப் போட்டு 6600-ஐ ஓட்டிவிடலாம் என்பதே அது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்க வேண்டிய மின்னோட்டம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் இணைப்பு 150 வாட் வரை இழுக்கத் தகுதியுடையது. கார்டு தன் 132 வாட்டில் பெரும்பகுதியை இந்தக் கேபிள் வழியாக இழுக்கும்போது சாட்டா முனை சூடேறி உருகக்கூடும். இரண்டு சாட்டா முனைகளை ஒன்றுசேர்க்கும் கேபிள்களும் விற்கிறார்கள்; ஆனால் அந்த இரண்டு முனைகளும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரே வயரில் இருந்தால் சுமை அந்த ஒற்றை வயர் மேலேயே விழுகிறது. இதை யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று படித்து, அதை 12-ஆல் பெருக்கினால் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து உண்மையில் கிடைக்கக்கூடிய வாட் தெரிந்துவிடும். 450 வாட் என்று பெரிதாக எழுதிவிட்டு 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் தரும் மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் அந்தக் கணக்கு 216 வாட்டில் நின்றுவிடும். பெயரில்லாத பிராண்டுகளில் அந்த 18-ஐக்கூட முழுதாக நம்புவதற்கில்லை.

70 வாட் கார்டுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டர்களின் சிறிய வடிவங்கள் சிலவற்றில், ஸ்லாட்டுக்கு அந்த 75 வாட் முழுவதையும் நிறுவனமே அனுமதிப்பதில்லை. மாடல் எண்ணை வைத்து, நிறுவனத் தளத்தில் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரமும் ஒரு தடை. சிறிய கேபினட்டில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். எம்எஸ்ஐ, ஜிகாபைட் ஆகிய நிறுவனங்கள் 3050 6 ஜிபியைப் பாதி உயரத்திலும் தயாரிக்கின்றன. வழக்கமாக விற்கும் 6600 மாடல்கள் முழு உயரமும் இரண்டு ஸ்லாட் அகலமும் கொண்டவை. ஆகவே சிறிய ஆபீஸ் பெட்டி வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடுகிறது. அவருக்கு 3050 6 ஜிபி தவிர வேறு வழியில்லை. அந்தப் பெட்டிக்குள் உட்காரக்கூடிய கார்டுகளில் அது மிகவும் நல்ல கார்டும்கூட.

மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் 62 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 15 யூனிட் கூடும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் இருக்கும் வீட்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மின்தடைதான் பொருட்டு. பெரும்பாலான வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும். 6600 உள்ள கணினி விளையாட்டின்போது 250 வாட்டைச் சுற்றி இழுக்கும், அதற்கு மேல் மானிட்டரும் இருக்கிறது. மின்சாரம் போனால் சேமித்துவிட்டு அணைக்கப் போதிய நேரம் கிடைக்கும், ஆனால் ஆட்டத்தை முடிக்கும் அளவுக்குக் கிடைக்காது. பழைய பேட்டரியுடன் இருக்கும் யுபிஎஸ் என்றால் அந்த நேரமும் சந்தேகம்.

வெப்பமும் இதோடு சேர்ந்ததே. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில், 132 வாட் வெப்பத்தை வெளியேற்ற கேபினட்டில் பின்பக்க ஃபேன் ஒன்றாவது வேண்டும். பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கு அருகில் வீடு இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்சிங்கை ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால், கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். ஒற்றை ஃபேன் கொண்ட 3050 மாடல்கள்கூட 70 வாட்டைச் சத்தமின்றிச் சமாளிக்கின்றன. 6600-இல் இரட்டை ஃபேன் மாடலையே வாங்க வேண்டும்.

விளையாட்டைப் பொறுத்தவரை, 6600-க்குத் தேவையான எஸ்எம்பிஎஸ்ஸும் 3.0 அல்லது 4.0 போர்டும் இருந்தால் அதையே வாங்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. என்விடியாவின் பக்கத்தில் சொல்லத்தக்க பதில் டிஎல்எஸ்எஸ். குறைந்த பிக்சல்களில் வரைந்து, டென்சர் கோர்கள் எனும் ஏஐ கணக்கு அலகுகளின் உதவியால் பெரிதாக்கிக் காட்டும் இந்த நுட்பம் 3050-இல் வேலை செய்கிறது, அதன் படத்தரம் ஏஎம்டியின் இதேபோன்ற நுட்பமான எஃப்எஸ்ஆரின் 2, 3 பதிப்புகளைவிடத் தெளிவானது. குறிப்பாக 1080 பி போன்ற சிறிய அளவில் எஃப்எஸ்ஆர் இலைகளையும் கம்பி வேலிகளையும் மினுங்கச் செய்துவிடுகிறது. ஆயினும் வரைந்த ஃப்ரேம்களுக்கு இடையே புதியவற்றைச் செருகும் டிஎல்எஸ்எஸ்ஸின் ஃப்ரேம் உருவாக்கும் வசதி 40-ஆம் வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்குக் கிடையாது. எஃப்எஸ்ஆர் 3-இன் ஃப்ரேம் உருவாக்கமோ இரண்டு கார்டுகளிலும் ஓடும். 6600 டிஎல்எஸ்எஸ் இல்லாமலே தரும் ஃப்ரேம்களை, 3050 6 ஜிபி டிஎல்எஸ்எஸ் வைத்துத்தான் எட்டிப்பிடிக்கிறது என்பதே பல விளையாட்டுகளில் நிலைமை. ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ரே டிரேசிங் என்ற வரியைப் பார்த்து இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டிலும் அதற்கான அலகுகள் இருக்கின்றன, இரண்டிலும் அதை இயக்கிவைத்து ஆடுவது சுகமாக இல்லை.

ஸ்டுடியோக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு ஃப்ரேம் எண்ணிக்கை முக்கியமில்லை. எக்ஸ்போர்ட் எவ்வளவு நேரத்தில் முடிகிறது, முகூர்த்தத்தை யூடியூபில் நேரலை செய்யும்போது படம் உடையாமல் போகிறதா என்பவைதான் முக்கியம். நேரலையில் என்விடியா கார்டுக்குத் தெளிவான மேன்மை உண்டு. அதன் என்வென்க் எனும் வீடியோ என்கோடர், ஒரே பிட்ரேட்டில் எச்.264 படத்தை ஏஎம்டியைவிடச் சுத்தமாகத் தருகிறது. மண்டபத்தில் கிடைக்கும் மொபைல் இணைப்பின் அப்லோடு வேகம் குறைவாக இருக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நேரலைக்கு விமிக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த நிறுவனமே என்விடியா கார்டுகளைத்தான் பரிந்துரைக்கிறது. கூடா வழியாக எஃபெக்ட்களை ஓட்டும் மென்பொருள்கள், பிளக்கின்கள் பலவும் என்விடியாவையே முதலில் கருத்தில் கொண்டு எழுதப்பட்டவை. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் வைத்து, படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் குறைப்பு போன்ற எஃபெக்ட்களை அடுக்கினால் 6 ஜிபி போதாமல் போவதும் உண்மை. அங்கே 6600-இன் 8 ஜிபி உதவுகிறது. ஏவி1 என்ற புதிய வடிவ வீடியோவை இரண்டு கார்டுகளும் ஓட்டிக் காட்டும், இரண்டும் அந்த வடிவத்தில் எழுதித் தராது.

ஆனால் நம் ஊர் ஸ்டுடியோக்களில் பல, எடியஸ் எனும் எடிட்டிங் மென்பொருளில்தான் வேலை செய்கின்றன. எடியஸ் நீண்ட காலமாக பிராசஸரையும் இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் வீடியோ அலகான குயிக் சிங்க்கையும் நம்பி வளர்ந்த மென்பொருள். கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டு எக்ஸ்போர்ட் நேரம் பாதியாகும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோனியின் ஏ7 நான்காம் வரிசை போன்ற இன்றைய கேமராக்கள் வண்ண விவரங்களைக் கூடுதலாக வைத்திருக்கும் 4:2:2, 10 பிட் வீடியோவை எழுதுகின்றன. அந்த வீடியோவை டீகோடு செய்யும் வன்பொருள் 3050-இலும் இல்லை, 6600-இலும் இல்லை. என்விடியா அதை 50-ஆம் வரிசையில்தான் சேர்த்தது. மாறாக, எச்இவிசி (எச்.265) வடிவில் எழுதிய அதே வீடியோவை இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பிராசஸர்களின் உள்கிராபிக்ஸ் எளிதாக ஓட்டிவிடுகிறது. அதனால் ஆயிரம், இரண்டாயிரம் மிச்சப்படுத்த எஃப் எழுத்து போட்ட, உள்கிராபிக்ஸ் இல்லாத ஐ5 பிராசஸரை ஸ்டுடியோக்காரர் வாங்கக் கூடாது. கார்டு எதுவானாலும், டைம்லைன் இழுபடாமல் நகர்வதைத் தீர்மானிப்பது அந்த எழுத்துதான். ஆல்பம் டிசைன் மட்டும் செய்பவருக்கு இந்த இரண்டு கார்டுகளுமே அதிகம். அந்தப் பணத்தை ரேமில் போடலாம்.

மானிட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கார்டுகளிலும் வழக்கமாக எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் உண்டு, விஜிஏ கிடையாது. பழைய விஜிஏ மானிட்டரை வைத்துக்கொள்ள விரும்புபவர், சிக்னலையே மாற்றித்தரும் ஆக்டிவ் வகை மாற்றியை வாங்க வேண்டும்.

டிரைவர் குறித்து இப்போது ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. 2025 அக்டோபரில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளுக்கான டிரைவரைப் புதிய கார்டுகளின் டிரைவரிலிருந்து பிரித்துத் தனிக் கிளையாக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும், புதிய விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் தந்தது. என்விடியா தன் பழைய தலைமுறைகளான மாக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளை ஒதுக்கிவைத்த அதே ஆண்டில், ஆம்பியர் தலைமுறைக் கார்டான 3050-ஐ முதன்மை வரிசையிலேயே வைத்திருந்தது. இதை வைத்து 6600-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஒரே கார்டை வைத்திருக்கும் எண்ணம் கொண்டவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓடாது. அந்தப் பெட்டிகளில் பணம் போடுபவருக்கு டிரைவரைவிட இது பெரிய கவலை.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண்ணைக் குறிப்பிடவில்லை. புதிதாக வாங்கும்போது 6600 சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகவே இருந்துவந்திருக்கிறது. அதோடு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் விலையையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். புதிதாக முழுக் கணினியையும் அசெம்பிள் செய்பவர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எப்படியும் பணம் போடப்போகிறார். அவர் 3050 6 ஜிபியை வாங்குவதற்கு, நேரலை வேலை தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மறுபுறம், எச்81 போர்டுள்ள பழைய பெட்டிக்காக எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றுக் கேபிளும் வாங்கி, அதில் 6600-ஐப் பூட்டுவது அந்தப் போர்டின் தகுதிக்கு மீறிய செலவு.

பழைய கார்டு வாங்குபவர்கள் ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-இல் கிராபிக்ஸ் கார்டு மைனிங்கை (கார்டைக் கணக்குகள் செய்யவைத்து நாணயம் ஈட்டுவதை) கைவிட்டது. குறைந்த மின்சாரத்தில் ஓடியதால் 6600-ஐ மைனிங் செய்தவர்கள் அதிகம் வாங்கினார்கள். 2021 இறுதியிலும் 2022-இலும் விற்ற கார்டுகளில் ஒரு பகுதி இரவுபகலாக ஓடியவை. 3050 6 ஜிபி வந்ததே 2024-இல் என்பதால், அது எத்தீரியம் மைனிங்கில் ஓடியிருக்க வாய்ப்பே இல்லை. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன். பொதுவாக அதில் முதலில் தேய்வது ஃபேனும் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடும்தான், இரண்டையும் மாற்றலாம். எனவே 6600-ஐப் பழையதாக வாங்கும்போது முதல் பில்லைக் கேட்டு, அதன் தேதியையும் கார்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான புள்ளி) வெப்பநிலைக்கும் சாதாரண வெப்பநிலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்த இடைவெளி 25 டிகிரிக்கு மேல் இருந்தால், தெர்மல் பேஸ்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம். ஓட்டிக் காட்ட முடியாது என்று சொல்பவரிடம் வாங்காமல், ஓசூரிலோ எஸ்பி ரோட்டிலோ டெஸ்ட்டிங் வாரண்டி எழுதித் தரும் வேறு கடையைப் பார்க்கலாம்.